செந்தாளும் சரவெடியும்

விருதுநகரில் காமராஜர் வளர்ந்த எளிய வீட்டைத் தரிசித்துவிட்டு, மிளகாய் வற்றல் மண்டிகளின் நெடியையும் எண்ணெய்ப் பரோட்டாக் கடைகளின் மணத்தையும் பின்னே விட்டு, சிவகாசிச் சாலையில் மேற்கே திரும்புகிற பிரயாணிக்கு, ஆமத்தூரை எட்டுமுன்பே அந்தப் பூமியின் சுபாவம் இன்னதென்று விளங்கிவிடும். வானம் பார்த்த கரிசல். அதில் எதற்கும் அஞ்சாமல் பரவிக் கிடக்கும் சீமைக்கருவேல். மழைக்காலம் கழிந்தால் மாடு மேயும் கண்மாய். இவற்றுக்கு நடுவே, வேப்பமர நிழலில் ஒன்றுக்கொன்று நெடுந்தூரம் இடம்விட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்களோடு தனித்தனியே நிற்கும் சிற்றறைகள். ஓர் அறையில் பிடித்த தீ மற்றோர் அறைக்குத் தாவலாகாது, உள்ளே இருப்பவர் எத்திசையிலும் ஓடித் தப்பவேண்டும் என்னும் கவலையே அந்தக் கட்டடங்களின் சிற்ப சாஸ்திரம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டே கிடக்கும் வானிலை இங்கே பயிரை வாட்டிற்று. அதே வானிலைதான் மருந்தை உலர்த்திக் கொடுத்தது. தீக்குச்சியின் தலையும், காகிதக் குழாயின் பசையும், அச்சுத்தாளின் மையும் ஈரமின்றிக் காய்வதற்கு இதைவிடத் தகுந்த ஊர் தென்னாட்டில் அரிது.

திருத்தங்கலைக் கடக்கும்போது குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் தெரிகிறது. சிலப்பதிகாரத்திலேயே பெயர் பெற்றுவிட்ட பழம்பதி அது. அடுத்து வரும் சிவகாசிக்கோ ஸ்தல ஐதிகமே ஒரு பிரயாணக் கதை. காசியிலிருந்து லிங்கம் கொண்டு தென்காசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தான் ஹரிகேசரி பராக்கிரம பாண்டியன் என்றும், லிங்கத்தைச் சுமந்த பசு இவ்விடத்துக்கு வந்ததும் அப்பால் நகர மறுத்துவிட்டதென்றும், அதனால் காசி விசுவநாதர் இங்கேயே கோயில் கொண்டார் என்றும் ஊரார் சொல்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒன்று இந்த மண்ணில் நின்று நிலைத்து இவ்வூருக்கே பெயராகிவிட்ட கதை அத்துடன் முடியவில்லை. நான் தேடி வந்ததும் அப்படிப்பட்ட இன்னொரு வரவைத்தான்.

1922-ஆம் ஆண்டில் பி. அய்ய நாடாரும் அவருடைய உறவினரான அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிச் சென்று, தீப்பெட்டித் தொழிலைச் சில மாதங்கள் கூடவே இருந்து கற்று, மறு வருஷம் ஊர் திரும்பித் தொழில் தொடங்கிய விருத்தாந்தம் சிவகாசியில் சிறுவர்களும் அறிந்தது. தீப்பெட்டிக்கு மேலொட்டும் படம் வேண்டியிருந்தது. படத்துக்கு அச்சுக்கூடம் வேண்டியிருந்தது. தீக்குச்சி மருந்தில் பழகிய கை மத்தாப்புக்கும் வெடிக்கும் தாவிற்று. 1940-ல் வெடிபொருள் விதிகள் ஏற்பட்டு உற்பத்திக்கு உரிமம் வழங்கும் முறை வகுக்கப்பட்டதும், யுத்தத்தினால் அந்நிய நாட்டு வாண வேடிக்கைச் சரக்குகள் கப்பலேறி வருவது நின்றுபோனதும் ஏககாலத்தில் நிகழவே, இவ்வூர்ப் பட்டாசு நாடெங்கும் பரவியது. இந்த ஊக்கத்தைக் கண்டு பண்டித நேரு ‘குட்டி ஜப்பான்’ என்று இவ்வூரை மெச்சிய வார்த்தை இன்றைக்கும் கடைப் பலகைகளில் காணக் கிடைக்கிறது. உழைப்புக்கு அந்த உவமை மிகவும் பொருந்தும். ஆனால், இவ்வூர் மக்கள் நாள்தோறும் கையாளுகிற பண்டங்களை, அதாவது வெடியையும், செந்தாளையும், சுவரில் மாட்டும் தெய்வப் படத்தையும், நாள் நட்சத்திரம் குறித்த ஏட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும்போது, ஜப்பானுக்கு அப்பால், அதைவிட மூத்த சீன தேசத்துப் புத்தாண்டு வீடுதான் என் கண்முன் எழுகிறது.

சீனத்தில் வெடி முதலில் மூங்கிலாக இருந்தது. கணுவும் கணுவுமாக அடைபட்ட பச்சை மூங்கிலை நெருப்பிலிட்டால் உள்ளே சிறைப்பட்ட காற்றும் நீரும் விரிந்து, மூங்கில் படீரெனப் பிளக்கும். முதல் மாதத்து முதல் நாள் விடியலில் சேவல் கூவியதும் எழுந்து, வாசலில் மூங்கிலைச் சுட்டு வெடிக்கவைத்து மலைப் பேய்களை விரட்டும் வழக்கத்தை ஆறாம் நூற்றாண்டில் ஸோங் லின் என்பவர் தம் நாட்டு ஆண்டுச் சடங்குகளைத் தொகுத்த நூலில் எழுதிவைத்திருக்கிறார். மருந்து பிறந்த கதை வேறு. சாவா வரம் தேடிய தாவோ மார்க்கத்து ரசவாதிகள் உலையில் உப்புகளையும் உலோகங்களையும் வாட்டிக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் நூற்றாண்டளவில், கந்தகத்தையும் வெடியுப்பையும் தேனோடு சேர்த்துக் காய்ச்சிய சிலர் கையும் முகமும் வெந்து, வீடும் எரிந்துபோனதாக அவர்களுடைய நூலொன்று எச்சரிக்கிறது. ஆயுளை நீட்டிக்கப் புறப்பட்டவர்களின் உலையிலிருந்து இப்படியொரு பொருள் வெளிப்பட்டதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. சிவகாசியில் நின்று நினைக்கும்போது இன்னும் அதிகமாகக் கனக்கிறது. 1044-ல் ஸோங் வம்சத்து அரசாணையின்படி தொகுக்கப்பட்ட யுத்த சாஸ்திர நூலில் வெடிமருந்தின் கலவை முறைகள் ஏறிவிட்டன. அதற்குப் பின் மூங்கிலின் இடத்தில் காகிதக் குழாய் வந்தது. தனி வெடி திரியால் கோக்கப்பட்டுச் சரமாயிற்று.

அந்நாட்டின் சிவகாசி என்று சொல்லத்தக்க ஊர் ஹூனான் மாகாணத்து லியூயாங். லி தியான் என்ற தாங் காலத்து மனிதரை அவ்வூர் வெடித்தொழிலாளர் தம் குலமுதல்வராகப் போற்றுகிறார்கள். மூங்கில் குழாயில் வெடியுப்பு நிரப்பிக் கொளுத்தி, நோயும் பேயும் கலந்த விஷக்காற்றை அவர் அகற்றினார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சந்திரமான நான்காம் மாதத்தில் அவருடைய ஜன்ம தினத்தைக் கொண்டாடித் தொழிலுக்குக் காவலாக இருக்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள். சிவகாசிக்கு அத்தகைய தனித் தெய்வம் இல்லை; பத்திரகாளியம்மனும் மாரியம்மனும் எல்லாத் தொழிலுக்கும் பொதுவாகக் காவலிருக்கிறார்கள். ஆயினும் ஆடிப்பெருக்கன்று பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டு அவ்வாண்டின் விற்பனையைத் தொடங்குவதையும், தீபாவளி விடுமுறை கழிந்ததும் தொழிற்சாலைகளில் படையலிட்ட பிறகே மருந்தைத் தொடுவதையும் பார்த்தால், தீயோடு பழகுகிறவன் தெய்வத்தைத் துணைக்கழைக்காமல் கை நீட்டமாட்டான் என்னும் உண்மை இரண்டு தேசத்துக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

இந்த வித்தை பாரத தேசத்துக்கு வந்து சேர்ந்த காலத்தை ஓரளவு அறுதியிட முடிகிறது. 1443-ல் பாரசீக அரசனின் தூதராக விஜயநகரம் வந்த அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் வாண வேடிக்கைகளைக் கண்டு வியந்து குறித்திருக்கிறார். 1497 முதல் ஒரிசாவை ஆண்ட கஜபதி பிரதாபருத்திரனின் பெயரில் வழங்கும் ‘கௌதுக சிந்தாமணி’ என்ற சம்ஸ்கிருத நூலில் வாணங்கள் செய்யும் கலவை முறைகள் இருப்பதை பி. கே. கோடே என்னும் அறிஞர் எடுத்துக்காட்டி, சீனத்து முறைகள் இந்நாட்டுச் சரக்குகளுக்கு ஏற்ப மாற்றியமைக்கப்பட்டதை விவரித்திருக்கிறார். தமிழ்நாட்டுக்கும் சீனத்துக்கும் இடையே கடல்வழி அதற்கும் முன்பே நன்றாகத் திறந்திருந்தது. சிவகாசிக்குக் கிழக்கே, ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள பெரியபட்டினத்தை 1987-ல் அகழ்ந்தவர்கள் பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளின் சீனப் பீங்கான் ஓடுகளைக் குவியலாக எடுத்தார்கள். 1281-ல் சீனத்தின் சுவான்சோ துறைமுகத்தில் தமிழர் ஒருவர் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தி தமிழ் எழுத்தில் கல்வெட்டாக இன்றும் இருக்கிறது. 1409-ஆம் வருஷத் தேதியிட்டு இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்லில், சீனச் சக்கரவர்த்தி தென்னவரை நாயனார் என்னும் தெய்வத்துக்கு அனுப்பிய பொன், வெள்ளி, பட்டு, தூபக்கால், எண்ணெய் ஆகிய காணிக்கைகளின் பட்டியல் தமிழிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்த் தெய்வத்துக்குச் சீன அரசனின் தூபக்காலும், சீனத் துறைமுகத்தில் தமிழனின் சிவலிங்கமும் இருந்த காலத்தை நாம் மறந்துபோனது எவ்வளவு பெரிய நஷ்டம்!

சிவகாசியை அடுத்த ஒரு தொழிற்சாலையில் போர்மேன் ஒருவர் அன்போடு என்னை அழைத்துச் சென்று காட்டினார். வாசலிலேயே தீப்பெட்டி, கைப்பேசி யாவற்றையும் வாங்கி வைத்துவிட்டார்கள். செருப்பையும் கழற்றச் சொன்னார்கள். மருந்து கலக்கும் அறைகளின் பக்கம் என்னை அவர் விடவில்லை. அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தபோது, கைகளிலும் புருவத்திலும் அலுமினியப் பொடி வெள்ளியாய் மின்ன, இரண்டு ஆண்கள் பேச்சின்றி வேலை செய்துகொண்டிருந்தார்கள். குழாய் சுற்றுகிற கொட்டகையிலோ பேச்சுக்குக் குறைவில்லை. அங்கே வெறுங்குழாய்களைக் கட்டுக் கட்டாகச் செந்தாளில் சுற்றிக்கொண்டிருந்த பெண்களுள் மூத்தவரான ஓர் அம்மாள், முன்பு இருபதாண்டுக்கு மேல் சரம் பின்னியவர். சரம் பின்னுவது எப்படி என்று கேட்டேன். மருந்தில்லாத குழாய்களையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு அவர் செய்து காட்டினார். நடுவில் ஒரு நீளத் திரிக்குப் பதிலாகச் சணல் நூலை வைத்து, இடப்புறம் ஒன்று வலப்புறம் ஒன்றாகக் குழாய்களை நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்தி, நூலை மேலொரு சுற்றும் குறுக்கொரு சுற்றுமாகப் போட்டு இழுத்தார். பிச்சிப்பூத் தொடுக்கிற விரல்களின் அசைவு அது, அணுவளவும் வேறுபாடில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு முழம் வளர்ந்துவிட்டது.

“தாள் ஏன் அம்மா எப்போதும் சிவப்பாகவே இருக்கிறது?” என்றேன்.

“எங்க அம்மா காலத்துலருந்தே இந்தச் சிவப்புதாங்கய்யா. பிஜிலிக்குப் பச்சைத்தாளும் சுத்துவோம். ஆனா சரத்துக்கு வேற கலர்ல சுத்தினா வெடியாட்டமே இருக்காது; யாவாரியும் எடுக்கமாட்டாரு. வெடிச்சு முடிச்சதும் வாசல் நெறையச் செக்கச்செவேல்னு கெடக்கணும்ல? அதானய்யா தீவாளி!”

அந்த அம்மாள் சொன்ன கடைசி வார்த்தைகளைச் சீனத்துக் கிழவி ஒருத்தியும் அப்படியே சொல்லியிருப்பாள். ‘நியான்’ என்னும் கொடிய விலங்கு ஆண்டு முடிகிற இரவில் ஊருக்குள் புகுந்து உயிர்களைக் கொல்லும் என்றும், அது செந்நிறத்துக்கும் நெருப்புக்கும் ஓசைக்கும் அஞ்சும் என்றும், அதனாலேயே கதவில் செந்தாளில் எழுதிய ஈரடிகளை ஒட்டி, செந்தாள் சுற்றிய வெடியைக் கொளுத்துகிறோம் என்றும் அங்கே குழந்தைகளுக்குக் கதை சொல்கிறார்கள். சீனருக்குச் செம்மை மங்கலத்தின் நிறம். மணமகள் உடுப்பது செம்மை. பெரியோர் சிறுவருக்குப் பணம் வைத்துக் கொடுப்பது செவ்வுறையில். வெண்மை துக்கத்துக்கு உரியது. வெடித்துச் சிதறிய செந்தாள் வாசலில் படர்ந்து கிடப்பதை நிலமெல்லாம் நிறைந்த செல்வமாகப் பாவித்து, புத்தாண்டின் முதல் நாட்களில் அதைப் பெருக்கமாட்டார்கள்; பெருக்கினால் அவ்வாண்டின் அதிர்ஷ்டம் குப்பையோடு போய்விடும் என்பது சம்பிரதாயம். நம் தெருக்களில் சாஸ்திரம் எதுவும் இதைப்பற்றி விதிக்கவில்லை. ஆனாலும் தீபாவளியன்று எந்த வீட்டு வாசலில் காகிதக் குப்பை அதிகம் என்று சிறுவர்கள் போட்டியிட்டுப் பார்ப்பதையும், தாயார் விளக்குமாற்றை எடுத்தால் ‘சாயங்காலம் வரை இருக்கட்டும்’ என்று தடுப்பதையும் அறியாத தமிழர் உண்டா? மங்கலத்தின் கணக்கில் மட்டும் இரு நாட்டாரும் பிரிகிறார்கள். சீனர் சுப காரியத்தில் இரட்டை எண்ணையே விரும்புவர், அதிலும் எட்டென்றால் அவர்களுக்குத் தனி மகிழ்ச்சி. நாமோ நூறோடு ஒரு ரூபாயைச் சேர்த்து நூற்றொன்றாக மொய் எழுதினால்தான் மனம் நிறைகிறோம்.

ஓசையின் பொருளிலும் ஒரு நுண்மை இருக்கிறது. சீனரின் வெடி வரக்கூடாததை விரட்டவும், வரவேண்டியதை அழைக்கவும் எழுகிறது. புத்தாண்டின் ஐந்தாம் நாளில் செல்வத்தின் தெய்வத்தை வரவேற்க வெடிக்கிறார்கள். கடை திறந்தால், கல்யாணம் நடந்தால் வெடிக்கிறார்கள். சவ ஊர்வலத்துக்கு முன்னும் வெடிக்கிறார்கள். தீபாவளிக்குச் சொல்லப்படும் நரகாசுரன் கதையிலோ அசுரன் முன்னமே மாண்டுவிட்டான். அவன் வேண்டிக்கொண்டபடி அவனுடைய மரண தினத்தை ஒளியாலும் நீராட்டாலும் நாம் கொண்டாடுகிறோம். ஆகவே நம் வெடியில் அச்சமில்லை, வெற்றிக் களிப்பே உண்டு. ஆனால் தீபாவளியை விட்டுக் கிராமத்துப் பக்கம் திரும்பினால், சுவாமி புறப்படும்போது கிளம்பும் அதிர்வேட்டும், பெரியவர் ஒருவரைத் தூக்கிச் செல்லும் பாடைக்கு முன்னே கொளுத்திப் போடும் சரவெடியும் சீனத்துப் பழைய நம்பிக்கையின் பக்கத்திலேயே போய் நிற்கின்றன. உற்சவத்துக்கும் இறுதி யாத்திரைக்கும் ஒரே ஓசையைப் பயன்படுத்தும் மக்கள் உலகில் அதிகமில்லை என்றே என் அபிப்பிராயம்.

தொழிற்சாலையிலிருந்து ஊருக்குள் வந்து அச்சுக்கூடங்கள் நிறைந்த தெருக்களில் நடந்தேன். நான் சிவகாசியில் கண்டவற்றுள் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது இந்தத் தெருக்களே. இயந்திரங்களின் ஓட்டம் நடைபாதை வரை அதிர்கிறது. வெட்டி எறிந்த வண்ணத்தாள் நறுக்குகள் சாக்கடையோரம் கிடக்கின்றன. கடைகளின் உட்சுவர் முழுவதும் முருகனும், மகாலட்சுமியும், வேளாங்கண்ணி மாதாவும், மக்காவின் மசூதியும், மாலையிட்ட தலைவர்களும் அடுத்த வருஷத்துக்காகக் காத்திருக்கிறார்கள். கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி. கொண்டைய ராஜு தீட்டிய தெய்வத் திருவுருவங்கள் சிவகாசி இயந்திரங்களில் ஏறி, லட்சக்கணக்கான வீடுகளின் பூஜை அறைக்குள் சென்றன; நம் பாட்டிமார் கண்மூடித் தியானித்தபோது மனத்தில் தோன்றிய லட்சுமியின் முகம் பெரும்பாலும் அவர் வரைந்ததே.

சீனத்திலும் புத்தாண்டு என்றால் புதுப்படம். தியான்ஜின் நகரை அடுத்த யாங்லியூச்சிங் போன்ற ஊர்களில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டு, மேலே கையால் வண்ணம் தீட்டிய படங்களை ஜனங்கள் ஆண்டுதோறும் வாங்கி ஒட்டுவார்கள். வாசற்கதவின் இரு பலகைகளிலும் ஆயுதம் தாங்கிய காவல் தெய்வங்கள் இருக்கும். சிறுவன் மீனை அணைத்திருக்கும் படம் நிறைவுக்கு, பீச் பழம் நீண்ட ஆயுளுக்கு, வௌவால் பாக்கியத்துக்கு. மூங்கிலைச் சுட்ட அதே விடியலில் கதவின்மேல் சேவல் படம் ஒட்டுவதும் பழைய வழக்கம், ஏனெனில் சேவல் கூவினால் பேய் ஓடும். சிவகாசிப் பட்டாசுப் பெட்டிமேல் கொண்டை சிலிர்த்து நிற்கும் சேவலை நான் அன்று புதிய கண்ணோடு பார்த்தேன். அது முருகன் கொடியிலிருந்து இறங்கி வந்திருக்கலாம். இருளை ஓட்டும் உத்தியோகம் இரு தேசத்துச் சேவலுக்கும் ஒன்றே.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமாகத் தோன்றுவது அடுப்படித் தெய்வமான ஸாவோ ஜூனின் படம். அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கும் அந்தப் படத்தில் தெய்வத்தின் தலைக்கு மேல் அவ்வாண்டின் பருவங்களும் நாட்களும் அச்சிடப்பட்டிருக்கும். அதாவது அது நம்முடைய சுவாமி காலண்டரேதான். வருஷம் முழுவதும் அடுப்படியில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவர், பன்னிரண்டாம் மாதத்து இருபத்துமூன்றாம் நாள் விண்ணுலகம் சென்று அந்த வீட்டாரைப் பற்றி விண்ணப்பிக்க வேண்டும். இனிய சொல்லே அவர் வாயில் வரட்டும் என்று உதட்டில் பாகு தடவி, படத்தை எரித்து, புகையாக மேலே அனுப்புவார்கள். புத்தாண்டுக்கு முந்திய இரவில் புதுப்படம் ஒட்டினால் அவர் திரும்பி வந்துவிட்டார் என்று பொருள். இங்கே நம் மனம் முற்றிலும் மாறுபடுகிறது. வருஷம் முடிந்த காலண்டரிலிருந்து தெய்வப் படத்தைக் கிழித்தெறிய நமக்குக் கை வராது. கண்ணாடி போட்டு மாட்டுவோம், அல்லது அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவோம். லட்சுமி வெடியில் தேவியின் படம் சிதறுவதைக் கண்டு மனம் வருந்திய பக்தர்கள் உண்டு. அவர்களுடைய வருத்தம் நியாயமானது என்றே எனக்கும் படுகிறது. நெருப்பில் போன தெய்வம் விண்ணகம் சேர்கிறது என்னும் சீனரின் நம்பிக்கையும், தெய்வத்தின் உருவம் காகிதமே ஆனாலும் கால்படக் கூடாது என்னும் நம் நம்பிக்கையும் இரண்டு வகைப் பக்திகள்.

தினத்தாள் காலண்டரின் கதை இன்னும் அதிசயம். ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், சந்திராஷ்டமம், எந்தத் திசையில் சூலம், அதற்குப் பரிகாரம் வெல்லமா தயிரா என்பது வரை ஒரு சாண் தாளில் அடக்கி, நாளுக்கொன்றாகக் கிழிக்கத் தருகிறது சிவகாசி. ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருஷத்து மாதிரி ஆல்பங்களை வெளியிடுவதும் இவ்வூர் வழக்கம். சீனர் வீட்டுப் பஞ்சாங்கமும் இன்று செய்யத்தக்கவை இவை, செய்யத்தகாதவை இவை, பாக்கியத் தெய்வம் இன்ன திசையில் என்று நாள்தோறும் சொல்கிறது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சீனர் கடைகளில் அது கிழித்தெடுக்கும் தாளாகவே தொங்குகிறது. துன்ஹுவாங் குகையில் கண்டெடுக்கப்பட்டு இப்போது லண்டனில் உள்ள 877-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம், பன்னிரண்டு விலங்குகளின் உருவங்களோடு மரக்கட்டையில் அச்சிடப்பட்டது. அச்சுக்கலை வளர்ந்த ஆரம்ப காலத்திலேயே மனிதன் அதைக்கொண்டு நல்ல நாளைத் தேடியிருக்கிறான். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின், ஒரு கரிசல் காட்டு ஊர் அதே தேடலில் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

இன்று சிவகாசியில் ‘சீனப் பட்டாசு’ என்றாலே முகங்கள் கறுக்கின்றன. அதற்குக் காரணமும் உண்டு. பொட்டாசியம் குளோரேட்டைக் கந்தகத்தோடு சேர்த்து எளிதில் தீப்பற்றும் கலவையாக்குவதை 1992-லேயே நம் அரசாங்கம் தடை செய்துவிட்டது. அந்தக் கலவையோடு மலிவாகக் கள்ளத்தனமாய் வந்திறங்கிய சரக்கு, விதிப்படி நடந்த இவ்வூர்த் தொழிலை வாட்டியது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்த்த வகைகளையும் சரவெடியையும் தடுத்துத் தீர்ப்பளித்தபின், பச்சை ஒளிக்கு ஆதாரமான மருந்தும், தலைமுறையாகப் பின்னிய விரல்களின் வேலையும் ஒருங்கே போயின. காற்றின் தூய்மையைக் கருதிய அந்தத் தீர்ப்பின் அவசியத்தை மறுக்க நான் துணியமாட்டேன். அந்த விரல்களுக்கு ஈடாக வேறு வேலை கொடுக்கும் கடமையும் அதே அளவு அவசியமானது. சீனமும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. பெய்ஜிங் நகரம் 1993-ல் வெடியைத் தடை செய்து, 2005-ல் தளர்த்தியது. சிங்கப்பூரில் 1972-ல் வந்த தடையினால் அங்குள்ள சீனரின் புத்தாண்டும் தமிழரின் தீபாவளியும் ஒருசேர மௌனமாயின.

சீனத்து ரசவாதிகளின் வெந்த கைகளை முன்பு குறிப்பிட்டேன். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் இந்த வட்டாரத்தில் விபத்தில்லாத ஆண்டு அரிது. லியூயாங்கைச் சுற்றிய ஊர்களும் இப்படியே பிள்ளைகளை இழந்திருக்கின்றன. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இத்தனை மருந்துக்கு மேல் வைக்கலாகாது என்று விதியிருக்கிறது. மரத்தடியில் வைத்துத் திரி சுற்றச் சொல்லும் பேராசையும், தீபாவளிக்கு முந்திய மாதங்களின் அவசரமும் சேர்ந்து அதை மீறும் இடங்களிலெல்லாம் ஏழைகளே எரிகிறார்கள். இதைக் கண்டித்துச் சொல்வதற்குத் தயங்குகிறவன் சிவகாசியை நேசிப்பவன் ஆகமாட்டான்.

போர்மேனிடம் விடைபெற்றபோது, வேலை எந்த மாதங்களில் மும்முரம் என்று விசாரித்தேன். தீபாவளி முடிந்து சில வாரங்கள் கதவடைப்பு, பிறகு பூஜை, பிறகு அடுத்த ஐப்பசிக்கான முதற்குழாய் சுற்றத் தொடங்கிவிடுவார்கள் என்றார். தை, மாசி மாதங்களில் வெயில் நன்றாக ஏறும், மழைத் தொந்தரவு இராது, தாள் சுற்றுவதற்கு அதைவிட நல்ல பருவம் இல்லையாம். சந்திரமானப்படி சீனரின் புத்தாண்டு வருவதும் அந்தத் தை மாசியில்தான். லியூயாங் கட்டிய சரங்களெல்லாம் அந்நாட்டு வாசல்களில் செந்தாளாகச் சிதறிக்கொண்டிருக்கும் அதே வாரத்தில், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகைகளில் பெண்கள் புதுச் செந்தாளை நறுக்கி, பசை தடவி, நாளொன்றுக்கு இத்தனை குழாய் என்று கூலிக்கணக்கு எழுதிக்கொண்டிருப்பார்கள்.